தாழ்ப்பாள் ஓட்டையைச் சுற்றி ஒரு கிற்றார்

கிற்றார் விற்கிறவனிடம் யாரும் “இது நல்லதோ?” என்று கேட்பதில்லை, “இது ஒறிஜினலோ?” என்றுதான் கேட்பார்கள். யாழ்ப்பாண நகரில் மின்சாரக் கிற்றார் விற்றும் திருத்தியும் பிழைக்கிறேன். என் கடைச் சுவரில் தொங்குபவை எல்லாம் ஏதோவொரு பெரிய அமெரிக்கக் கம்பனி எப்போதோ வரைந்த வடிவத்தைப் பார்த்து வேறு யாரோ செய்த கொப்பிகள். கழுத்துக்கு இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதே வடிவம்தான். கடை வைத்து நாள் முழுக்கப் பதில் சொல்லிக் களைத்தவர் என்றால் நீங்களும் என் கட்சி, கேளுங்கள்.

பெயர் வேணும்

குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கும் அன்ரன் ஒரு கொப்பிக் கிற்றார் வாங்கினான். வாங்கிய கையோடு, அந்தப் பெரிய கம்பனியின் பெயரை ஸ்ரிக்கராக அடித்துக் கிற்றாரின் தலையில் ஒட்டித் தரச் சொன்னான். “கோயிலிலை வாசிக்கிற சாமானிலை பொய்ப் பெயரோ?” என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. “ஆண்டவருக்கு உண்மை தெரியும் அண்ணை. பக்கத்துப் பங்கு ஆக்களுக்குத்தான் தெரியக்கூடாது.”

நீர்வேலித் தீர்ப்பு

மகளுக்குக் கிற்றார் வாங்க நீர்வேலியிலிருந்து வாழைத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். எல்லாம் ஏன் ஒரே அச்சில் இருக்கிறது என்று கேட்டார். ஒருவன் வரைந்ததை மற்றவர்கள் பார்த்து வெட்டுகிறார்கள், தலையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்வார்கள் என்று விளக்கினேன். இது களவா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரியாது என்றும் சொன்னேன்.

அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. “பக்கத்துத் தோட்டத்திலை வாழைக்குட்டி கிளப்பித்தான் நானும் நட்டனான். அதுக்காக என்ரை கதலி கொப்பிக் கதலியோ தம்பி?”

அதற்குப் பிறகு கொப்பி பற்றி யார் கேட்டாலும் இந்தக் கதலியைத்தான் எடுத்துவிடுவேன். வியாபாரத்துக்கு நல்ல வசதியாக இருந்தது.

என்ரை கிற்றார்

ஆனால் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. எவனையும் பார்க்காமல் நானே ஒரு வடிவம் வெட்ட வேண்டும்; தூரத்தில் கண்டதும் ஒருவராவது அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். இடித்த வீடொன்றிலிருந்து பலாக் கதவு ஒன்று கிடைத்தது. அருமையான பலகைதான், ஆனால் கீழ்க் கொம்பு வரவேண்டிய இடத்தில் சரியாகத் தாழ்ப்பாள் ஓட்டை. வேறு வழியில்லாமல் ஓட்டை வெளியே போகிற மாதிரிக் கொம்பை உள்ளே வளைத்து வெட்டினேன். கொம்பு பாதியாகிப்போனது. சத்தம் மட்டும் அருமையாக வந்தது.

கன காலம் அது சுவரில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அன்ரன்தான் வாசித்துப் பார்த்துவிட்டு எடுத்தான். “வடிவை ஆர் பாக்கினம் அண்ணை? ஆனா உண்மையைச் சொன்னா, உது கிற்றார் மாதிரி இல்லை.”

நெல்லியடியிலிருந்து

அன்ரன் அதைக் கோயில் பெருநாளில் வாசித்தான். கொஞ்சக் காலம் கழித்து நெல்லியடியிலிருந்து ஒருவர், வயர் விட்டுப்போன கிற்றார் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். உறையைக் கழற்றிப் பார்த்தால், என் கிற்றார்! புதுப் பலகை, ஒதுக்கி வெட்ட ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனால் கீழ்க் கொம்பில் அதே வளைவு. அவர் ஊர்த் தச்சர் குருநகரில் பார்த்துவிட்டு வந்து செய்ததாம்.

எனக்கு வயிறு எரிந்தது. கதலி ஞாபகம் வந்தது, வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. “இந்த வளைவு என்னத்துக்கு?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவர் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். “அதுதான் விசயமே அண்ணை. அந்த வளைவு இல்லாட்டிச் சத்தம் வராதாம்.”

இரண்டாவது

விடக்கூடாது என்று இன்னொன்று செய்தேன். இந்த முறை குறையில்லாத பலாப் பலகை. ஓட்டை இல்லை, ஆகவே வளைவும் தேவையில்லை. நான் முதலில் நினைத்த கொம்பை முழுதாக நீட்டி வெட்டினேன். இதுதான் என்னுடைய வடிவம் என்று சுவரின் நடுவில் மாட்டினேன்.

கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒருவர் வந்தார். நேரே அதை எடுத்துத் தடவினார், தட்டினார், வாசித்தார்.  பிறகு கொம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுவரில் மாட்டினார். “ஒறிஜினலை நான் குருநகரிலை பாத்தனான் அண்ணை. கொப்பி அடிக்கிறது பிழையில்லை, ஆனா அந்த வளைவையாவது பாத்து ஒழுங்கா வெட்டியிருக்கலாம்.”

இப்போது மூன்றாவதற்குப் பலகை எடுத்துவிட்டு, வளைவு பிசகாமல் வரவேண்டுமே என்று அன்ரனின் கிற்றாரை இரவல் வாங்கி வைத்து அளந்துகொண்டிருக்கிறேன்.