ஓவுக்கும் ஓமுக்கும் நடுவில்

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம், என் நான்கரை வயது மகள் ஆதிரையிடம் படுதோல்வி அடைந்தேன். காரணம் ஓர் எழுத்து... ஒரே ஓர் எழுத்து.

வெள்ளிக்கிழமை முன்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் முன்னால் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் சொல்ல வேண்டுமாம். ரீச்சர் வட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்போதோ பாடமாக்கிவிட்டதாம். வாராவாரம் பத்தி எழுதுகிறவனின் மகள் பாதியில் நின்றால் என் மானம் என்ன ஆவது?

'ஒ' வரைக்கும் கடகடவென்று வந்தாள். அடுத்ததில்தான் வந்தது வினை.

"ஓ எண்டு சொல்லுங்கோ பிள்ளை."

"ஓம்."

"ஓம் இல்லை. ஓ."

"ஓம் அப்பா."

யாரை நோவது? பெரியாக்களுக்கு வெறுமனே 'ஓ' என்று பதில் சொல்வது மரியாதையில்லை, 'ஓம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று இரண்டு வயதிலிருந்து பழக்கியதே நான்தான். 'ஆமா' சொல்கிற ஊரில் பிறந்திருந்தால் 'ஆ'விலேயே மாட்டியிருப்பாளோ என்னவோ!

சரி, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் ஓடத்தின் படத்தைக் காட்டினேன். "வள்ளம்" என்றாள். அரியாலையில், கடலேரிக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளை வேறு என்ன சொல்லும்? இங்கே யார் ஐயா ஓடத்தில் போகிறார்கள்?

ஒரு மணித்தியாலம் போனது. 'சொல்லுங்கோ' தேய்ந்து 'சொல்லு' ஆகி, கடைசியில் 'சொல்லடி' ஆனது. விளங்குகிறதா என்று கத்தினேன். "ஓம்" என்றாள். மேசையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிள்ளை மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேலையால் வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, படிப்பிக்கிறியளோ, விசாரணை நடத்திறியளோ?"

ஆதிரையிடம் ஐஸ்கிறீம் வேண்டுமா என்று கேட்டேன். சத்தமில்லை. கடற்கரைக்குப் போவோமா என்றேன். அதற்கும் இல்லை. எதைக் கேட்டாலும் உடனே வருகிற அந்த 'ஓம்' வரவேயில்லை. வெள்ளிக்கிழமையாவது, மானமாவது... முழங்காலில் ஊர்ந்து நானும் மேசைக்குக் கீழே போனேன்.

"அப்பாவோடை கோவமோ, குஞ்சு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"ஓ."

'ம்' இல்லை. நல்ல நீளமான, பிழையே இல்லாத நெடில்.