மாமியாருக்கு அப்பாவான விமானி

விமானக் கம்பெனியின் சுவர் நாட்காட்டியில், ஆகஸ்ட் மாதப் படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்: “கேப்டன் ஜோவாமி. மிருதுவான கைகளுக்குச் சொந்தக்காரர். இவர் இறக்கும் விமானத்தில் கோப்பைத் தேநீர்கூடத் தளும்பாது.”

எழுதியவர் மான்ட்ரியலில் இருந்தார். கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில் எங்கள் ஊர்வரை அவர் வந்திருந்தால், அந்தத் தேநீர் அவர் மடியிலேயே கொட்டியிருக்கும். ஜோவாமி இறங்கினால் விமான நிலையத்தில், விமானிகளோடு நான் பேசும் வானொலி அறையின் ஜன்னல் அதிரும். ஊரில் அவருக்குப் பெயர் ‘சுத்தியல்’.

வேடிக்கை என்னவென்றால், பறக்கப் பயப்படுகிறவர்கள்தான் அவர் ஓட்டும் நாளாகப் பார்த்துப் பயணம் வைப்பார்கள். எங்கள் ஓடுதளம் சரளைக்கல், அதுவும் குட்டை. ஒரு முனையில் பாறை, மறுமுனையில் கடல். விமானமோ முப்பது வயதுக் கிழட்டு ஜெட். வேகமாக வரும், லேசில் நிற்காது. மெதுவாக இறக்கப் பார்த்தால் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். மிதக்கிற தூரமெல்லாம் நிற்கவேண்டிய தூரத்தில் கழியும். ஓங்கி வைத்தால்தான் சக்கரம் ஈரக் கல்லைக் கவ்வும். எங்கள் ஊரில் முதுகுவலியும் நம்பிக்கையும் ஒன்றாகவே வந்து இறங்கின.

ஜோவாமியின் மாமியார் உலாயு. உலாயுவின் காலமான தகப்பனாரின் பெயரைத்தான் ஜோவாமிக்கு வைத்திருந்தார்கள். பெயரோடு உறவும் வந்து சேருவது எங்கள் வழக்கம். ஆகவே அறுபத்தெட்டு வயது மாமியார் ஐம்பது வயது மருமகனை ‘அப்பா’ என்பார். அவரும் ‘மகளே’ என்பார். மாமியார் சொன்னால் மறுக்கலாம். மகள் கேட்டால் எப்படி மறுப்பது?

ஒரு நாள் மாலை ஜோவாமியின் பெண் ஆலாசிக்குக் கல்யாணம். அன்று தெற்கிலிருந்து மூன்றடுக்குக் கேக்கோடு ஜோவாமியின் விமானத்தில் ஏறிய உலாயு, கேக் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டு, விமானி அறைக் கதவில் போய் நின்றார்.

“அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மெதுவா எறக்கு. இல்லேன்னா கல்யாணத்துல ஆளுக்கு ஒரு கை உதிரிதான்.”

ஜோவாமி புருவத்தை உயர்த்தினார். எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அதுதான் அவர் செய்த தப்பு.

எங்கள் ஊரில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. கடல்மேல் மூடுபனி படுத்திருந்தது. விமானம் தாழ்ந்து வந்தது. வழக்கமாக, ஓடுதளத்தின் ஓரத்தில் தூரம் காட்ட நட்டிருக்கும் கொடிகளில் முதல் கொடியருகே ‘தொப்’பென்று விழவேண்டியது விழவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் அழகாக மிதந்து போனது. அவ்வளவு அழகை அந்த ஓடுதளம் கண்டதில்லை. நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

உள்ளே நடந்ததைத் துணை விமானி எத்தியென் பிறகு சொன்னார்.

“கேப்டன், மொத கொடி போச்சு.”

விமானம் இன்னும் மிதந்தது.

“ரெண்டாவதும் போச்சு!”

சக்கரம் கல்லைத் தொடப் போகிற நேரம். தொட்டிருந்தால் பூப்போல இருந்திருக்கும். நிற்கத்தான் இடம் இருந்திருக்காது.

“மேல போறோம்” என்றார் ஜோவாமி. இயந்திரங்கள் அலறின. விமானம் என் தலைக்கு மேலே ஏறிப் போயிற்று.

நான் வானொலியில் கூப்பிட்டேன். “ஜோவாமி, பனி கரைக்கு நகருது. நீ சுத்தி வர்றதுக்குள்ள மூடிடும் போல.”

“மூடினா திரும்பிப் போறேன்.”

“இன்னைக்கு ஒம் பொண்ணு கல்யாணம்யா!”

“பாதிரியார் அங்கதானே இருக்காரு. நான் இல்லாட்டியும் நடக்கும்.”

சொன்னார், குரல்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

இதற்குள் பின்னாலிருந்து பணிப்பெண் இன்டர்காமில் வந்தாள். “கேப்டன், ஒங்க மாமியார் கேக்கறாங்க, அப்பாவுக்கு ஊரே மறந்துபோச்சான்னு.”

“என் மகளைக் கேக்கைக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு.”

இரண்டாம் முறை வந்தபோது ஓடுதளத்தின் கடல் முனையைப் பனி நக்கிக்கொண்டிருந்தது. முதல் கொடி மட்டும் தெரிந்தது. ஜோவாமிக்கு அது போதும். என் ஜன்னல் அதிர்ந்தது. வேகத்தைத் தடுக்க இறக்கை மேல் தகடுகள் எழுந்தன, இயந்திரங்களின் வால் மூடிகள் கவிழ்ந்து உறுமின, சரளை மழையாகத் தெறித்தது.

உலாயு பெட்டியை அணைத்தபடி படியிறங்கினார். கேக்கின் மேல்மாடி நடுமாடிக்குள் குடியேறியிருந்தது. மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்பா, இனிமே நான் வாயே தொறக்கல.”

“மகளே, அது ஒன்னால முடியாது.”

அன்று மாலை ஊரே கரண்டியால் கேக் சாப்பிட்டது. ஆலாசியின் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் ஜோவாமிதான்.

அவர் செய்தது இவ்வளவுதான்: மிதந்துபோன விமானத்தைத் தரையில் வைக்காமல் மேலே கொண்டுபோனார், திரும்பி வந்து, முதல் கொடியருகே ஓங்கி இறக்கி, ஓடுதளத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தினார்.