பள்ளிக்கூடச் சுவரோரம் நின்ற என் வேன்

பிள்ளைகளா, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றுபோன கை, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் நல்லதுதான்.

போன வருடம் குற்றால சீசன் சமயம். சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டி. தென்காசி ரயில் நிலையத்தில் ஆட்களை ஏற்றி அருவி அருவியாகக் கூட்டிப்போவதுதான் அப்பாவின் பிழைப்பு. சாப்பிடக்கூட நேரமில்லாத அந்த நாட்களில்தான், பெரியவளே, உன் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அழுக்கு என்றே நினைத்தேன். ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று திட்டினேன். ஒரு நாள் காலையில் பீர்க்கங்காய் நாரும் சோப்புமாக நானே உட்கார்ந்து தேய்த்தேன். "என்னங்க, போதும், தோலு உரிஞ்சிரப் போவுது" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். நீ சத்தமே போடாமல் அழுதாய். கறுப்பு போகவில்லை, சுற்றிலும் சிவந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் கடையத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உன் அத்தை ஒருத்தி, "ஏட்டி, கழுத்தால தோசைக்கல்லத் தொடச்சியா? இன்னும் ரெண்டு லட்டு தின்னு, சரியாயிரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பரோட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். உன் வாய்தான் குற்றவாளி என்று முடிவே கட்டிவிட்டேன்.

அம்மா விடவில்லை. தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போயே ஆகவேண்டும் என்றாள். அவர் கழுத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்ததும் என்னை உட்காரச் சொன்னார்.

"இது அழுக்கு இல்ல அண்ணாச்சி. உள்ள இன்சுலின் நல்லாத்தான் சுரக்குது, உடம்புதான் அது சொல்லுத பேச்சக் கேக்க மாட்டேங்குது. அதோட அடையாளம் இது. இப்பமே பாத்தா சரி பண்ணிரலாம். விட்டுட்டா சின்ன வயசுலயே சுகர் வந்துரும்."

"கண்டதையும் திங்கா டாக்டர்" என்றேன்.

"சாப்பாடும் காரணந்தான், ஓடியாடாததும் காரணந்தான், பரம்பரையும் உண்டு. தினமும் வண்டிப் புகையில இருக்க பிள்ளைங்களுக்கும் இது கூடுதலா வருதுன்னு இப்பம் சொல்லுதாங்க. இவளுக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புகை நெஞ்சோட நிக்கிறதில்ல, ரத்தத்துலயும் கலக்கும். பாப்பா, பள்ளிக்கூடத்துல நீ எங்கன உக்காருத?"

நீ சொன்னாய்: "ஜன்னல் பக்கத்துல. சீசன்ல அங்கன வேனா நிக்கும். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். மிஸ் ஜன்னலச் சாத்தச் சொல்லுவாங்க. அப்பா வேன் நின்னா மட்டும் நான் சாத்த மாட்டேன். அப்பாவப் பாக்கலாம்லா."

எனக்குத் தலை நிமிரவில்லை.

ஐந்தருவி ரோட்டில் உங்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் நல்ல மரநிழல். நான் ஏற்றிவந்த பார்ட்டி அருவிக்குப் போனால் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியில் தூங்குவேன். சாயங்காலம் நீ, "அப்பா, இன்னைக்கும் எங்க கிளாஸ்கிட்ட வந்திருந்தீங்கல்லா" என்பாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் வண்டியின் சைலன்சர் உன் முகத்துக்கு நேரே இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

பிறகுதான் கோபம் வந்தது. என்மேல் பாதி, மற்றவர்கள்மேல் பாதி. சீசன் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் உங்கள் மைதானத்தில் பாதியை வண்டி நிறுத்த விட்டுவிட்டார்கள். விளையாட்டுப் பீரியடில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். ஓட இடமில்லை, மூச்சுவிடக் காற்றில்லை, பழி மட்டும் பிள்ளையின் வாய்க்கா? நல்ல காற்று வாங்கத்தானே அத்தனை பேரும் இங்கே வருகிறார்கள்? அவர்கள் குளுகுளுவென்று திரும்பிப்போக எங்கள் பிள்ளைகள் புகை தின்னவேண்டுமா?

மறுநாள் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்ற டிரைவர்களிடம் போய், "எஞ்சின அணைங்க அண்ணாச்சி, உள்ள பிள்ளைங்க படிக்காங்க" என்றேன். மூத்த டிரைவர் ஒருவர் கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை.

"ஏலே, நேத்து வரைக்கும் நீயும் இங்கன தானல கொறட்ட விட்ட? இன்னைக்குப் பெரிய கலெக்டரு! வண்டி அடுப்பா கெடந்தா பார்ட்டி என்னைய ஏசுவான், ஒன்னையவா ஏசுவான்?"

அவர் சொன்னது உண்மைதானே. ஒருவர் அணைத்தார், மற்றவர்கள் அணைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால், "சீசன் முடிஞ்சா எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். அடுத்த சீசனிலும் நீ அங்கேதானே உட்காருவாய்?

இப்போது நீ காலையில் அம்மாவோடு நடக்கிறாய். பரவாயில்லை, ரத்த ரிசல்ட்டில் அளவு இறங்கிக்கொண்டு வருகிறது என்கிறார் டாக்டரம்மா. கழுத்து இன்னும் முழுசாக வெளுக்கவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது வந்தால் அந்தப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், அது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தைப் போய்ப் பார்த்திருக்கவேண்டும் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. டிரைவர்களிடம் பேசிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், பார்ட்டியை அருவியில் இறக்கிவிட்டு, வண்டியைத் தூரத்தில் வெயிலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுப்பதற்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். அங்கே எழுதிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் இதை என் கையால்தான் எழுதவேண்டும் என்று இருந்தது. வேர்வை சொட்டி ஒரு தாள் வீணானது. இன்னொன்று எடுத்தேன். பள்ளிக்கூடச் சுவரோரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டிகளின் எண்களைக் குறிக்கும் இடம் வந்தது. ஒன்று என்று போட்டு, அதற்கு நேரே என் வண்டியின் எண்ணை எழுதினேன்.