தளபதியின் பதவிப் பட்டியல்

2012 ஆனி மாதம், வெஸ்ட்மீட்டில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையில், சலவைப் பகுதியில் வேலை செய்த ஈரானியர் ஒருவர் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தார். திரையில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். சாம்பல் கோட், அளவாக வெட்டிய தாடி. பல் வைத்தியரின் விளம்பரத்துக்குப் பொருத்தமான முகம்.

“எங்கள் ஊரின் புது எம்.பி.,” என்றார். அடுத்த படத்தைத் தள்ளினார். அதே முகம், சீருடையில். “அதற்கு முன்னால் இது. எனக்கு இவனை இந்த உடுப்பில்தான் தெரியும்.”

நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். அவருடையது கொஞ்சம் கூடுதலாக உடைந்தது. அவர் அச்சகத் தொழிலாளி, ஆர்ப்பாட்டத்துக்குத் துண்டுப்பிரசுரம் அச்சடித்ததற்காக ஒரு முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முகாமின் தளபதியாக இருந்த அந்தச் சிரிப்புக்காரனே முன்னால் நின்று அவரை அடிப்பித்தானாம். இடது கையின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. விடுவிக்கப்பட்டதும் தப்பிப் படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்தார். அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எழுத வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகளைப் பார்ப்பவன். இந்த நாட்டில் இறங்கிய நாள் முதல் ஒருநாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுபவன். இதை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஹோம்புஷ்ஷில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து எழுதினோம். அதற்குள் அவர் எனக்கு நண்பராகிவிட்டார். வாக்குமூலம் நான்கு பக்கம். அதற்குப் பின்னிணைப்பாகத் தளபதியின் பதவிப் பட்டியல் ஒன்றும் செய்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு ஆசையாக இருந்தது. சாதாரண சிப்பாய், பிறகு அதிகாரி, முகாம் தளபதி, மாவட்ட நிர்வாகி, கடைசியில் மக்கள் பிரதிநிதி. ஒவ்வொரு படியிலும் ஒரு புது உடுப்பு, ஒரு புதுப் பக்தி. போர்முனையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட காலத்தில் அவன் களஞ்சியத்தில் சப்பாத்து எண்ணிக்கொண்டிருந்தான் என்று நண்பர் சொன்னார். அதையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.

“என்னப்பா இது, சோறு போடுற மேசையில அந்தாளின்ர படத்தைப் பரப்பி வச்சிருக்கிறியள்?” என்றாள் மனைவி.

“ஆதாரம்.”

“ஆதாரத்தைக் கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ. கறி வருது.”

நண்பர் சொன்ன திகதிகளெல்லாம் ஈரானிய ஆண்டில் இருந்தன. 621-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்றார். கூட்டினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மாரிகாலம் முடிவதற்குள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. விண்ணப்பதாரரைத் தளபதி 2010 மாசியில் அடிப்பித்ததாக வாக்குமூலம் கூறுகிறது. ஆனால் அவர் தாமே இணைத்த பட்டியலின்படி அந்தத் தளபதி முகாமுக்கு வந்ததே 2010 ஐப்பசியில். ஆகவே இந்தச் சம்பவம் நடந்ததாக ஏற்க முடியவில்லை. மடங்காத விரல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடிதத்தை நான்கு தடவை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஈரானியருக்கு ஆண்டு பிறப்பது பங்குனியில். அவர்களுடைய 1389-இன் கடைசி மாதங்கள் 2011-க்குள் விழுகின்றன. அங்கே கூட்ட வேண்டியது 622. இதை ஒரு வெள்ளைக்காரன் தவறவிட்டால் மன்னிக்கலாம். எனக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில். தை, மாசியில் பிறந்த பிள்ளையின் சாதகத்தில் தமிழ் வருடம் பழையதாகவும் ஆங்கில ஆண்டு புதியதாகவும் இருக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கூட்டி, இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறேன். அந்தத் தளபதியின் மேல் எனக்கிருந்த வெறுப்பில் ஒரு பங்கு அன்றைக்கு என் பக்கம் திரும்பியது.

நண்பரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “திருப்பி அனுப்பினால் விமானநிலையத்தில் அவனே மாலையோடு நிற்பான்,” என்று மட்டும் சொன்னார். அவருக்கு மிச்சமிருந்தது ஒரு மேல்முறையீட்டு விசாரணை.

அது 2013 வைகாசியில் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னர், அந்த எம்.பி.க்கு ஜனாதிபதியாகும் ஆசை பிறந்திருந்தது. வேட்புமனுவோடு தன் வாழ்க்கையைப் படங்களாக இணையத்தில் போட்டான். குழந்தைகளைத் தூக்கியபடி, கோதுமை வயலில், கிழவிகளின் கையைப் பிடித்தபடி. ஒரு மனிதன் தன்மேல் இவ்வளவு காதல் கொள்ளலாம் என்பதை நான் அதுவரை நம்பியதில்லை. அதில் ஒரு படத்தைப் பார்த்து நண்பர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். சீருடையில் தளபதி ஒரு இரும்பு வாசல் முன்னால் கொடியேற்றுகிறான். “அந்த முகாமின் வாசல்!” என்றார். படத்தின் கீழே, அவர்களுடைய புரட்சியின் ஆண்டுநிறைவு நாள், 1389 என்று எழுதியிருந்தது. நண்பரை அடித்ததும் அதே ஆண்டு, அதே மாதம்தான்.

விசாரணையில் நான் சாட்சியாகப் போனேன். விசாரித்த பெண்மணி கேட்டார்: “நீங்கள் ஈரானிய நாட்காட்டியில் நிபுணரா?”

“இல்லை. அதில் பிழை விட்டவன். அந்தப் பிழை இவருடையது இல்லை.”

அவர் படத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் யோசிக்கவே இல்லை. அந்த நாள் எப்போது வரும் என்பது ஈரானியர் எல்லாருக்கும் தெரியும். “2011, பெப்ரவரி பதினொன்று,” என்றார். பெண்மணி எழுதிக்கொண்டார்.

தளபதியின் வேட்புமனுவை அவனுடைய ஆட்களே தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கும் அவன் வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் நண்பருக்கு விசா கிடைத்தது. அன்று பின்னேரம் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அதே மேசையில் இருந்தார்.

“அவனுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். என் வழக்கில் நல்ல சாட்சி அவன்தான்,” என்றார்.

மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் தேத்தண்ணியை நண்பருக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஓம், உண்மைதானே. அந்த நாசமாப் போனவன்கூட உங்களைவிடத் திகதியை ஒழுங்காப் போட்டிருக்கிறான்.”

அவள் என்ன சொன்னாள் என்று நண்பர் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.