சில்லுக்கு முன்னால் ஒரு தேசிக்காய்

இன்று காலை என் வீட்டு வளவில் நின்ற வான் ஒன்றின் எஞ்சினைப் பிரித்து, பாகங்களை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தேன். காற்று ஒருமுறை திரும்பியது. மணம் நேரே மூக்குக்குள் ஏறியது. அதற்குப் பிறகு தேத்தண்ணி ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியாது.

சிலருக்கு மல்லிகைப்பூ மணத்தில் பழைய நாட்கள் வருமாம். எனக்கு மண்ணெண்ணெயில் வரும். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், என் மூக்கும் அவ்வளவுதான் படித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில், மருதனார்மடச் சந்தியில் நின்று யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். வளவுக்குள் வான் நிற்கும், பஸ் நிற்கும், எல்லாவற்றின் நெற்றியிலும் என் தாயின் பெயர் எழுதியிருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தொடங்கியது ஒரே ஒரு ஏ-ஃபோர்ட்டி காரில். நான் பிறக்க முன்னரே கப்பலில் வந்து இறங்கிய கார் அது. யுத்தத்தில் பெற்றோல் வராத தடைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். குழந்தைப்பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் பத்திரமாக வைத்திருப்பேன். அதில் சில துளியை எஞ்சினுக்குள் பீச்சி, எஞ்சின் எழும்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். மாற்றுகிற நேரம் பிசகினால் கார் நடுத்தெருவில் இருமி இருமியே நின்றுவிடும். என் கார் ஒருநாளும் நின்றதில்லை. மணியம் வேறு மாதிரிச் சொல்வான். அவன் சந்தி ஸ்டாண்டில் என்னோடு வாடகைக் கார் ஓடியவன், இப்போது பக்கத்து வளவுக்காரன். அவனைக் கேட்காதீர்கள்.

புகை என்றால் அப்படி ஒரு புகை. ஒரு கலியாணத்துக்கு அளவெட்டியிலிருந்து மேளக்காரரை ஏற்றிக்கொண்டு போனேன். தவில் இரண்டும் மேலே கூரையில், ஆட்கள் உள்ளே ஒருவர் மடியில் ஒருவர். இறங்கும்போது எல்லாருடைய வெள்ளை வேட்டியும் சாம்பல் நிறம். நாயனக்காரர் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தம்பி, இண்டைக்கு நாயனத்துக்குள்ளாலையும் புகைதான் வரப்போகுது" என்றார். ஆனால் முகூர்த்தத்துக்கு முன்னரே கொண்டுபோய் இறக்கினேன். அதுதான் தொழில்.

அந்த நாட்களில் எங்களுக்கு விமானம் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தம் கேட்டால் குண்டு விழ முன்னர் பங்கருக்குள் இறங்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு நான்தான் வெட்டினேன். என் மனைவி கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவாள், பின்னால் நான். எங்கள் ஒரே மகன் மட்டும் வேலிக்கரையில் அண்ணாந்தபடி நிற்பான். தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். "உது சகடை அப்பா, மெல்லத்தான் வரும்" என்பான். மெதுவாக, பழைய வண்டில் மாதிரி வருகிற ஒரு விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குவேன். ஊரே தலையைக் குனிந்த காலத்தில் அண்ணாந்து பார்த்தவன் அவன். பிறகு அவன் விமானம் ஓட்டப் படிக்கவேண்டும் என்று கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

படித்தான். வளைகுடா நாட்டு விமானக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தான். முதல் லீவில் வந்து கட்டிப்பிடித்தபோது அவன் சட்டையில் எனக்குத் தெரிந்த மணம். என்னடா இது என்று கேட்டேன்.

"பிளேனும் மண்ணெண்ணெயிலைதானப்பா ஓடுது" என்றான்.

பாருங்கள். அவன் எத்தனை வருசம் படித்து, எத்தனை சோதனை எழுதிச் செய்த வேலையை நான் சூப்பிப் போத்தலோடு செய்திருக்கிறேன். அன்றைக்குப் பின்னேரமே சந்திக்குப் போய் மணியத்துக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன், எங்கள் குடும்பத்தில் முதல் பைலட் நான்தான் என்று.

நான் எந்த வாகனம் எடுத்தாலும் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் பூசை வைத்து, சில்லுக்கு முன்னால், எலுமிச்சை என்று சிலர் சொல்கிற தேசிக்காய் ஒன்றை வைத்து, நசித்துக்கொண்டுதான் தெருவில் ஏற்றுவேன். அது நசியாமல் என் வாகனம் ஒன்றும் பயணம் தொடங்கியதில்லை. தம்பி நாலு எஞ்சின் பூட்டிய பெரிய விமானத்துக்குக் கப்டன் ஆனபோது கோயிலில் ஒரு தேசிக்காய் வாங்கிக் கையில் கொடுத்து, முன் சில்லுக்கு வைக்கச் சொன்னேன். சிரித்தான். அங்கே ஓடுபாதையில் ஒரு தூசி கிடந்தாலும் விசாரணையாம். "பையுக்குள்ளை வைச்சிருக்கிறன் அப்பா, அது காணும்" என்றான். ஒவ்வொரு லீவிலும் புதிதாக ஒன்று கொடுத்தனுப்புவேன். ஒருமுறை அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது பையைச் சோதித்தவர்கள் அதைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரிக் கையுறை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்களாம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டித் தேசிக்காய்க்கு அவ்வளவு மரியாதை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போது மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

கிழக்கே போகும்போது சில நாட்களில் எங்கள் குடாநாட்டுக்கு மேலால்தான் அவன் போவான். காற்றைப் பொறுத்தது என்றான். போகிற நாளென்றால் முன்னரே ஃபோனில் சொல்லிவிடுவான். பின்னேரம் நானும் மனைவியும் மேல்மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்போம். இரண்டு எஞ்சின் விமானம் என்றால் வானத்தில் இரண்டு வெள்ளைக் கோடு விழும். நாலு எஞ்சின் என்றால் நாலு. கொஞ்சத் தூரம் நாலும் தனித்தனியாக வந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுபோல் ஆகிவிடும். சத்தம் இருக்காது. சத்தமில்லாமல் ஒரு விமானம் எங்களுக்கு மேலால் போகும் என்று பங்கருக்குள் இருந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். மனைவி சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "சாப்பிட்டிருப்பானோ" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

அவள் கண்ணை மூடிய பிறகும் நான் மேலே போய் என் கதிரையில் இருந்தேன். மற்றக் கதிரையைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. தெருவில் வாகனமில்லை, வானத்திலும் இல்லை. என் வளவு முழுக்க வானும் பஸ்ஸும் அசையாமல் நின்றன. எனக்கு அது பெரிதில்லை. வாகனம் நிற்பதை நான் கண்டிருக்கிறேன், நிற்பது திரும்ப ஓடும். வானம்தான் பயமாக இருந்தது. துடைத்துவிட்ட மாதிரி. ஒருநாள் தம்பி ஃபோன் எடுத்து, பெரிய விமானங்கள் எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறார்கள் என்றான். பழுதோ என்று கேட்டேன்.

"பழுதில்லை அப்பா. கூட எண்ணெய் குடிக்குது. ஏற ஆளில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவன் ஓட்டிய விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. என் ஏ-ஃபோர்ட்டிக்கு என்னைவிட வயது கூட, இன்றைக்கும் கொட்டிலில் நிற்கிறது, தள்ளினால் ஓடும். உன் மனேஜரிடம் அதைச் சொல்லு என்றேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரு எஞ்சினையும் ஓய்வுக்கு அனுப்பியதில்லை. பெற்றோல் இல்லையென்றால் மண்ணெண்ணெய், அதுவும் இல்லையென்றால் தள்ளியாவது கொண்டுபோவோம்.

"அப்ப சின்னப் பிளேனை ஓடு. பஸ் ஓடினவன் வான் ஓடமாட்டானோ?"

அதற்கும் சிரித்தான். ஆனால் முந்திய சிரிப்பு இல்லை. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் படிப்பு, தனி அனுமதியாம். கொம்பனி திரும்ப அனுப்பிப் படிப்பித்தால்தான் மாறலாமாம். சின்ன விமானத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் மிச்சமாம். "கப்டன்மார் ஸ்டாண்டிலை ஹயருக்கு நிக்கிற மாதிரி நிக்கிறம் அப்பா" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டாண்டில் நாள் முழுக்க ஹயர் வராமல், ஏற ஆளில்லாமல் நிற்பது என்னவென்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதன் பிறகு எனக்கு வேறு யோசனையில்லை. தம்பியைத் திரும்பக் கூப்பிடுவார்களா? கோயிலுக்குப் போனாலும் அதுதான். கீரிமலைக்கு மனைவியின் திதிக்குப் போய்க் கேணியில் முழுகும்போதும் அவளிடம் அதைத்தான் சொன்னேன். மணியம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "முதலாளி, உங்கடை பெடியனுக்கு இன்னும் லீவு முடியேல்லையோ?" என்பான். பெரிய ஆட்களுக்குப் பெரிய லீவு என்று சொல்லிவைத்தேன். சில மாதத்தில் அவன் கேட்பதை விட்டுவிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் தம்பியிடம் சொன்னேன்.

"இஞ்சை வா. வான் இருக்கு, பஸ் இருக்கு. நான் ஆருக்கெண்டு இதுகளை வைச்சிருக்கிறன்?"

"கூப்பிடுவாங்கள் அப்பா. நான் கொஞ்சம் பாக்கிறன்" என்றான்.

கூப்பிட்டார்கள். ஒரே ஒரு பயணத்துக்கு. அந்த விமானத்தைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்லி. பயணிகள் இல்லை, சாப்பாடு கொடுக்கிற பிள்ளைகள் இல்லை, அத்தனை இருக்கையும் வெறுமை. அங்கிருந்தே என்னோடு கதைத்தான். மணல்வெளியில் விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, எஞ்சின் வாயையெல்லாம் கட்டியிருக்கிறார்கள் என்றான். பிறகு சொன்னான்.

"நீங்கள் தந்த தேசிக்காய் பையுக்குள்ளை கிடந்தது. முன் சில்லுக்கு முன்னாலை வைச்சிட்டு வந்தன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வெளிக்கிடேக்கை வைக்கிறது தம்பி. நிப்பாட்டேக்கை வைக்கிறேல்லை."

"தெரியும் அப்பா. ஒருவேளை வெளிக்கிட்டால் எண்டு வைச்சனான்."

வெளிக்கிடவில்லை. தம்பியையும் பிறகு கூப்பிடவில்லை. அவன் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேணில் மருமகளின் தமையன் வீட்டுக்குப் போனான். இப்போது அங்கே லொறி ஓடுகிறான். எங்கள் சந்தியில் திருப்பமுடியாத நீளம், மலைபோல ஒன்று. முதல் நாள் விடிய ஃபோன் எடுத்துக் கடைத் தேசிக்காய் பரவாயில்லையோ என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். ஃபோனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.

"நசிஞ்சுதோ?"

"ஓம் அப்பா. நல்லாய் நசிஞ்சுது."

அன்றைக்கே மணியத்திடம் போய் லொறியின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினேன். அவன் பகிடி விடுவான் என்று நின்றேன். விடவில்லை. "உன்ரை தொழிலுக்குத்தானே வந்திருக்கிறான்" என்றுவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான். அவன் என்னை முதலாளி என்று கூப்பிடாதது எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அந்தப் பெரிய விமானங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார்களாம். வெட்ட முன்னர் இழுத்திருப்பார்கள்தானே, அப்போது சில்லு உருண்டிருக்கும், தேசிக்காய் நசிந்திருக்குமா என்று தம்பியிடம் கேட்க நினைத்தேன். இன்னும் கேட்கவில்லை.

இப்போது பலாலி விமான நிலையத்துக்குச் சின்ன விமானம் வருகிறது. ஆட்களை ஏற்ற என் வான்கள்தான் வாசலில் நிற்கின்றன. நல்ல ஹயர். பின்னேரத்தில் நான் இப்போதும் மேலே போகிறேன், இரண்டு கதிரையும் அங்கேதான் இருக்கின்றன. உயரத்தில் ஏதாவது போகும். நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கோடுகளை எண்ணுவேன். எதுவானாலும் இரண்டோடு முடிந்துவிடுகிறது.