மூன்று முறை கேட்கும் ஊரிலிருந்து

காலை ஐந்தே முக்காலுக்குக் காரைக்குடியில், விமானம் பிடிக்கத் திருச்சி பஸ் ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர். முதுகில் ஒன்பது கிலோ பை. அதில் இரண்டு கிலோ அம்மா திணித்த மாவுருண்டையும் சீப்புச்சீடையும். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்?

நான் கண்டனூரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கியிருக்கும் இடத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாக ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் தனியாக வருவார்கள். என் வயதுப் பெண்கள் ஒற்றைப் பையோடு வந்து, தரையைப் படமெடுத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். இருபத்தேழு வயதாகியும் நான் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து ஒரு தோசை தின்றதில்லை. மதுரைக்குப் பரீட்சை எழுதப் போனாலும் கூடவே அம்மா வருவாள்.

அம்மா பூகோள டீச்சர். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ‘ரைன் நதி ஆல்ப்ஸ் மலையில் உற்பத்தியாகி வட கடலில் கலக்கிறது’ என்று வருடா வருடம் நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் கோடு இழுத்தவள். அவள் பார்த்த பெரிய ஆறு வைகை. அதிலும் பாதி நாள் மணல்தான்.

தை மாதம் ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தபோது, ஒரு பேச்சுக்கு, “நீயும் வாரியாம்மா?” என்றேன்.

“நான் எங்குட்டுத்தா வர? நீ போயிட்டு வா” என்றாள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்வது எங்களிடம் கிடையாது. “சாப்பிடுறீகளா?” என்றால் “இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்” என்போம். மறுபடி கேட்டால் “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்போம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்காருவோம். ஆக, அம்மா சொன்னது மறுப்பே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. தனியாகப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு அவ்வளவு இருந்தது. ஒரு டிக்கெட் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மறுவாரம், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, “தபால் ஆபீஸ்ல ஒரு வேலை” என்று கிளம்பிப் போனாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

திட்டம் அம்மாவின் கோடுதான், தலைகீழாக. ரைன் கடலில் சேரும் இடத்தில் தொடங்கி, அது பிறக்கும் மலை வரை, பதினோரு நாள்.

முதல் நாள், ராட்டர்டாம். ஊரிலிருந்து மெட்ரோ ரயில் கடற்கரை வரைக்கும் போகிறது. இறங்கினால் காற்று. செப்டம்பர் மாத வெயிலை நம்பி மெல்லிய சட்டை போட்டிருந்தேன். பல் தந்தியடித்தது. ஒரு கடையில் உருளைக்கிழங்கு வறுவலும் காபியும் வாங்கி, ஏழரை யூரோ கொடுத்து, தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. “பிள்ளை மட்டுமா வந்துருக்கு?” என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஆறிப்போகிற வரைக்கும் அந்தக் காபியைக் குடித்தேன்.

மூன்றாம் நாள், கொலோன். ஒரு வீட்டின் மாடி அறை, ஒரு இரவுக்கு நாற்பத்திரண்டு யூரோ. வீட்டுக்காரம்மா பெயர் இங்க்ரிட். அறுபது வயதிருக்கும், சிரித்த முகம். பகலெல்லாம் பேராலயத்தின் கோபுரப் படிகளில் ஏறி இறங்கி, பசியோடு ஏழு மணிக்கு வந்தேன். சமையலறையில் சூப் கொதிக்கிற வாசனை.

“எங்களோடு சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை, சாப்பிட்டுவிட்டேன்” என்று வாய் தானாகச் சொன்னது.

“நல்லது” என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு தட்டை மட்டும் எடுத்து வைத்தார்.

ஐந்து நிமிடம் மாடிப்படியிலேயே நின்றேன். கூப்பிடவில்லை. அறைக்குப் போய் மாவுருண்டை நான்கு தின்று தண்ணீர் குடித்துப் படுத்தேன். எனக்கு இது முன்பே புத்தியில் ஏறியிருக்க வேண்டும். விடுதியில் விருந்தாளிகளிடம் மூன்று முறை காபி வேண்டுமா என்று கேட்டு, “வேண்டாம் என்றுதானே சொன்னேன்” என்று முகம் சுளிக்க வைத்தவள் நான். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று தெரியும். நான் சொன்னாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

தினமும் அங்கே மாலை ஐந்து மணிக்கு, நம் ஊர் இரவு எட்டரைக்கு, அம்மாவைக் கூப்பிடுவேன்.

“கொலோன்ல ஆறு வடக்காமத்தான ஓடுது?”

“ஆமாம்மா.”

“படகுல கரி ஏத்திட்டுப் போறாகளா?”

“கண்டெய்னர் போகுது.”

“சரி. அகலம் எவ்வளவு இருக்கும், நம்ம கண்மாயளவு இருக்குமா?”

பரீட்சைத்தாள் திருத்துகிற குரலில்தான் கேட்பாள். சாப்பாடு, உடம்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறாம் நாள், பாசெல். இங்கே ஆபீஸ் முடிந்ததும் சட்டை பேண்ட்டை ஒரு தண்ணீர் புகாத பையில் கட்டி, அதை மிதவையாக அணைத்துக்கொண்டு ஆற்றோடு நீந்தி வீட்டுக்குப் போகிறார்கள். நம்ப மாட்டீர்கள், கோட்டு போட வேண்டிய வயதான மனிதர் ஒருவர் என் கண் முன்னால் ஜட்டியோடு மிதந்து போனார். இன்ஜின் இல்லாத ஒரு ஓடம், கம்பியில் கட்டப்பட்டு, நீரோட்டத்தின் வேகத்திலேயே அக்கரை போகிறது. கட்டணம் இரண்டு பிராங்க். அதில் நான்கு முறை போய் வந்தேன். தனியாக இருப்பதில் பெரிய வசதி இதுதான். ஏன் நாலாவது தடவை என்று கேட்க ஆள் இல்லை. ஆனால் அந்த ஜட்டிக்காரரைக் காட்டி விலாவில் இடிக்கவும் ஆள் இல்லை. அன்றைக்கு முதல் முறையாக அது உறுத்தியது.

ஒன்பதாம் நாள், மலை. முந்தின நாளே டிசென்டிஸ் என்ற சிற்றூருக்கு வந்து தங்கிவிட்டேன். காலை எட்டேகால் வண்டி. பல்சக்கரம் பூட்டிய சிவப்பு ரயில், முக்கி முனகி ஏறி, முக்கால் மணி நேரத்துக்குள் ஓபரால்ப் கணவாயில் இறக்கிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,044 மீட்டர். சுற்றிலும் பாறையும் புல்லும். நடுவில் ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கு நிற்கிறது, மலை உச்சியில். ராட்டர்டாம் பக்கம் கடல் முனையில் நின்ற ஒன்றின் நகலாம். நதியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உறவு காட்ட வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் நடை. மூச்சு வாங்கியது. பாறைகளைக் கையால் பிடித்து ஏறி ஒரு மேட்டைத் தாண்டினால் கீழே டோமா ஏரி. நம் ஊர் ஊருணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வழிகிறது. தாண்டிக் குதித்துவிடலாம். அதுதான் ரைன். கொலோனில் பாலம் கடக்க எனக்குப் பத்து நிமிடம் ஆன ரைன்.

கையை விட்டேன். எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. அம்மா கோடு இழுக்க முதலில் நீலச் சாக்பீஸ் வைத்த இடம் இதுதான் என்று நினைத்தேன். எவ்வளவு ஆசைப்பட்டு வந்த இடம், எனக்குச் சந்தோஷமாகவே இல்லை. இதை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

மதியம் இரண்டரைக்கு மறுபக்கம் இறங்கினேன். சாமுட் என்ற ஊரில் ரயில் பிடிக்க வேண்டும், ஏழு கிலோமீட்டர். மண்பாதையைத் தொட்டபோது மேகம் கறுத்தது. பால் கேன் ஏற்றிய ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் தாடிக்காரர்.

“மழை வரப்போகிறது. ஸ்டேஷன்வரை கொண்டு விடட்டுமா?” என்றார்.

“பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம். நடந்துவிடுவேன்” என்றேன். சொல்லும்போதே ஒரு கை ஜீப்பின் கதவை நோக்கிப் போய்விட்டது.

“சரி, நல்ல நடை” என்று கையாட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன், திரும்பிப் பார்ப்பார் என்று. அந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரெயின்கோட்டை அறையிலேயே விட்டு வந்த என் சாமர்த்தியத்துக்கும் அவர் பொறுப்பில்லை. பத்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளாடைவரை நனைந்து, ஷூவுக்குள் தண்ணீர் சளப்சளப்பென்று சத்தம் போட, ஸ்டேஷனை எட்டியபோது வண்டி என் கண்ணெதிரே கிளம்பியது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

ஸ்டேஷன் என்றால் ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு. சட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தேன். அந்த ஜீப்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அதனால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவை ஒரே தடவை கேட்டுவிட்டுப் போனேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

சிக்னல் இரண்டு கோடு காட்டியது. கூப்பிட்டேன்.

“எங்கத்தா இருக்கே? காத்து இரையுது.”

“ஏரியப் பாத்துட்டேம்மா. அடுத்த வருசம் நீயும் வா. ரெண்டு பேருமா வருவோம்.”

“நான் எங்குட்டு வர? முட்டுவலி வேற.”

“நெசமாத்தான் கேக்குறேன். நீ வரணும்மா. நான் கூட்டிட்டு வரேன்.”

போனுக்குள் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

“பாஸ்போர்ட்டு பீரோவுல இருக்கு” என்றாள்.

“என் பாஸ்போர்ட் என்கிட்டல்ல இருக்கு.”

“உன்னுதில்ல. என்னுது.”

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. “எப்பம்மா எடுத்தே?”

“தை மாசம். நீ கேட்ட மறுவாரம். நீ திரும்பக் கேப்பேன்னு நெனச்சு, படம் புடிச்சு எழுதிப் போட்டுட்டு வந்தேன்.”

கல்யாணச் சேலையும் தபால் ஆபீசும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. எட்டு மாதம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிவப்பு வண்டி வந்து நின்றது. வழியெல்லாம் சுரங்கம், ஏறினால் பேச்சு அறுந்துவிடும். நான் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டு வண்டி போய்விட்டது.

“அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு, தொட்டுப் பாத்தியா?” என்றாள் அம்மா.

நனைந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஏரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.