பாதி நாடகம், பாதி விலை

மட்டாஞ்சேரியில் இன்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பது என் நாற்காலியில். பந்தல் என்னுடையது, மேடை என்னுடையது, மேடைக்கு மேலே சுற்றுகிற விசிறி என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. முதலில் இரவல் கைவண்டி, அப்புறம் கொஞ்சம் மடக்கு நாற்காலி, அப்புறம் சாமான் அடுக்கி வைக்கப் பஜார் ரோட்டில் சொந்தக் கிட்டங்கி. கடன் தர மாட்டேன் என்று என்னை வாசலோடு அனுப்பிய வங்கிக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் கேட்டு என் வாசலில் வந்து நின்றார். மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். மூத்தவள் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலி மட்டும்தான் என்னுடையது இல்லை.

இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்று ஊரே ஒத்துக்கொள்ளும். ஆனால் நான் முதன்முதலில் நிமிர்த்தி வைத்தது பந்தலை அல்ல, ஒரு குடும்பத்தை. அதை மட்டும் எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வதில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் இப்போது எண்பதாம் கல்யாணம் நடக்கப்போகிறது. பேரன்மார் அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். பிரிந்திருந்த அவர்களைச் சேர்த்து வைத்தவர் பெரியப்பா என்று அதில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். என் பெயர் கடைசிப் பக்கத்தில், ‘பந்தல், நாற்காலி உதவி’ என்று. அச்சுக்குப் போகும் முன்பே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது. கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தோம். அப்பா சாக்கு தைத்தார், அம்மா சுக்கு தரம் பிரித்தாள். அப்பாவின் அண்ணன், பெரியப்பா, கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர். இஸ்திரி போட்ட சட்டை போடுகிறவர் சந்திலேயே அவர் ஒருவர்தான் என்பதால் எல்லாருக்கும் அவர்தான் தலைவர்.

அப்பாவின் தங்கை, அத்தை, எங்களோடு இருந்தாள். மாமா ஊரில் வைத்திருந்த எண்ணெய்க்கடை நொடித்துப் போனது. யார் முகத்திலும் விழிக்க வெட்கப்பட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போனவர் திரும்பவில்லை. பம்பாய் என்றார்கள், சிலோன் என்றார்கள், கொஞ்ச நாளில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தாள், தண்ணீர் பிடித்தாள், எதையும் கேட்டதில்லை. நான் மாமாவைப் பார்த்தது அவர்கள் கல்யாணத்தில், யார் மடியிலோ இருந்துகொண்டு. முகம் நினைவில் இல்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் தமிழ் நாடகக் கம்பெனி ஒன்று எர்ணாகுளத்தில் ஒரு ஹாலில் நாடகம் போட வந்தது. சந்தில் வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எல்லாருமாகப் படகேறிப் போய், நாடகம் பார்த்து, கடல்போல் விரிந்த காயல் கரையில் காற்று வாங்கித் திரும்புவது என்று முடிவானது. பெரியப்பா நடு வரிசை நாற்காலிதான் என்றார். ஆனால் நடு வரிசையில் எல்லாரும் உட்கார எங்கள் கையில் காசு இல்லை. பெஞ்சு எடுக்க அவருக்கு மனம் இல்லை. ஆளைக் குறைத்தார். விடுபட்டது இரண்டு பேர். ஒன்று நான்.

“சின்னப் பயலுக்கு நாடகம் என்னத்த புரியப்போகுது?” என்றார்.

இன்னொன்று அத்தை. அதற்கு அவர் காரணம்கூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்தானே என்று அம்மா மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு அன்று வந்த வைராக்கியம் பின்னால் கிட்டங்கி வாங்கும்போதுகூட வரவில்லை. நான் போகாமல் அந்தப் படகு நகரக்கூடாது. டிக்கெட் எடுக்கப் பெரியப்பா கிளம்பியபோது குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். படகுத்துறையில் விரட்டினார், படகில் ஏறிவிட்டேன். ஏறியவனைக் காயலில் தள்ளவா முடியும்?

ஹால் வாசலில் பெரியப்பா வரிசையில் நின்றார். நான் உள்ளே நுழைந்தேன். ஆட்கள் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் இரண்டு பேர் சத்தமாக வசனம் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் புத்தியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன் வரிசை சோபாவில் கழுத்து வலித்தது. பெஞ்சில் விசிறிச் சத்தம் வசனத்தைத் தின்றுவிட்டது. நடு வரிசை நல்ல இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடது பக்கம், தூணைத் தாண்டி, மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு நீள வரிசை சும்மா கிடந்தது. நம்பர்கூட எழுதவில்லை. அங்கே உட்கார்ந்தேன். மேடையில் பாதிதான் தெரிந்தது. ஆனால் வசனம் காதோரம் பேசுகிற மாதிரி கேட்டது. வலது பக்கத்துப் படுதாவின் பின்னால் இருக்கும் கயிறும் கப்பியும்கூடத் தெரிந்தன.

ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்த சேட்டனிடம் போய், இந்த வரிசைக்கு என்ன விலை என்று கேட்டேன்.

“அது விற்குந்நதல்ல மோனே. அவிடெ இருந்நால் நாடகம் பாதியே காணூ” என்றார். அது விற்கிற இடம் இல்லை, பாதி நாடகம்தான் தெரியும் என்கிறார்.

“பாதி தெரிஞ்சா பாதி விலை வாங்குங்க சேட்டா.”

அவர் கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, இவன் சொன்னதைக் கேட்டாயா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சும்மா கிடக்கிற நாற்காலி உங்களுக்கு என்ன சம்பாதித்துத் தருகிறது என்று கேட்டேன். என் தொழிலில் இன்றுவரை நான் கேட்கிற கேள்வி அது. அவர் சிரிப்பை நிறுத்தி, மறுநாள் சாயங்காலம் வரை அந்த வரிசையைப் பாதி விலைக்கே எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். நல்லது செய்தவனுக்குக் கிடைத்தது தலையில் ஒரு குட்டு.

“தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு பாக்க நாம என்ன ஓசி கிராக்கியால? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாக?”

“நாலு பேரு மேடையத்தான் பெரியப்பா பாப்பாங்க.”

இன்னொரு குட்டு. அதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள், டிக்கெட் எடுக்காமலே திரும்பினோம். மறுநாள் வந்து ஆளைக் குறைத்து நடு வரிசையே எடுப்பதாக அவர் படகில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று வீட்டில் நான் சோற்றில் கை வைக்கவில்லை. அம்மா கழித்துப்போட்ட சுக்குத் துண்டுகளை எடுத்துத் தரையில் ஹாலைக் கட்டினேன். இது மேடை, இது தூண், இது படுதாவுக்குப் பின்னால் கயிறு, இது நம் வரிசை. அப்பா உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது, ஆனால் அண்ணனுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். பெரியப்பா காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, “மேடைக்குப் பின்னால நடக்குறத பாக்கவா காசு குடுக்கணும்? கயிறு இழுக்குறவன் மூஞ்சிய பாத்துட்டு வரவா?” என்றார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

“கயிறு இழுக்குற ஆளு எங்கிட்டு நிப்பாருல?”

ஒரு சுக்கை நகர்த்திக் காட்டினேன்.

“இந்த வரிசையில இருந்தா அவரு தெரிவாரா?”

இவளும் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சல். “தெரிவாருதான் அத்தை. ஆனா நாம அந்தப் பக்கம் பாக்கவேண்டாமே.”

அத்தை அந்தச் சுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, “அண்ணே, இந்த ஓரமே போதும். பிள்ளையையும் சேத்து எல்லாருமா போவோம். நானும் வாரேன்” என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டு எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா நீட்டிய காலை மடக்கினார். கொஞ்ச நேரம் மேல்துண்டை உதறினார், மடித்தார், திரும்ப உதறினார். “ஓரத்துல ஒக்காந்து கழுத்து சுளுக்கினா எங்கிட்ட வராதீக” என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மதம் என்று அர்த்தம். என் சுக்கு ஹால் ஜெயித்துவிட்டது என்று நான் அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சோறு தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறும் அவித்த கப்பைக்கிழங்கும் கட்டிக்கொண்டு சந்து முழுக்கப் படகேறியது. அத்தை கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். ஒரு நாடகத்துக்கு இவ்வளவா என்று பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். “எப்பம்தான் கட்டுறது?” என்று மட்டும் சொன்னாள்.

ஹாலில் எங்கள் வரிசையிலேயே மோசமான நாற்காலி சுவரோரம் இருந்த கடைசி நாற்காலி. அதை எனக்கென்று ஒதுக்கியிருந்தேன். தலைவன் என்றால் அப்படித்தான். அத்தை என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு மேடை கொஞ்சம்கூடத் தெரியாதே என்று எனக்குத் தோன்றியது.

நாடகம் ராஜா கதை. விதூஷகன் வந்தான், எல்லாரும் சிரித்தார்கள், அத்தை சிரிக்கவில்லை. ராணியைக் காட்டுக்கு அனுப்பினார்கள், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அத்தை அழவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் கயிறு இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொடுத்த நாடகம் வீணாகிறதே என்று அவள் முழங்கையை இடித்தேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. முகம் சுளித்துக்கொண்டு வந்த பெரியப்பாவோ வாயைத் திறந்தபடி மேடையில் மூழ்கியிருந்தார்.

கடைசியில் ராஜா போர்க்களத்தில் விழுந்தார். நீளமாக வசனம் பேசினார். செத்தார். ஆர்மோனியம் நின்றது. இனி திரை விழவேண்டும். விழவில்லை.

ராஜா செத்தபடியே கிடந்தார். யாரோ இருமினார்கள். ராஜாவின் வயிறு ஏறி இறங்குவது எங்கள் ஓரத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. பின்னால் பெஞ்சில் விசில் கிளம்பியது. ராஜா ஒரு கண்ணைத் திறந்து படுதா பக்கம் பார்த்து, “டேய், கயித்த விடுடா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஹாலே உருண்டு சிரித்தது. நான் எம்பிப் பார்த்தேன். கயிற்றுக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். மேடையைப் பார்க்கவில்லை. எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஓடிவந்து அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கித் திரையை இறக்கினார்கள்.

“அந்த ஆளு நின்னுகிட்டே தூங்கிட்டாரு அத்தை” என்று சொல்லத் திரும்பினேன். நாற்காலி காலி. அதற்குப் பக்கத்தில், நான் கவனிக்காமலே விட்ட ஒரு சின்னக் கதவு, மேடைக்குப் பின்னால் போவது, திறந்து கிடந்தது.

பெரியப்பா எழுந்து அந்தக் கதவுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. அப்பா என்னைச் சோற்றுமூட்டைக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போனார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நான் கிட்டே போனால் நிறுத்தினார்கள். நான் உடைந்த கப்பைத் துண்டுகளைத் தின்றுகொண்டு, திரும்பிப் போகும்போது எப்படியும் எல்லாரும் என்னைப் புகழ்வார்கள் என்று காத்திருந்தேன்.

திரும்புகிற படகில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரப்பெட்டியோடு ஒரு ஒல்லி மனிதர் எங்களோடு ஏறியிருந்தார். மட்டாஞ்சேரியில் வேலை தேடி வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. பெரியப்பா அவருக்கு ஒரு பீடி கொடுத்தார். அத்தை எதிர்ப் பலகையில், காயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் என்னைப் புகழாததால் நான் அந்த மனிதரிடமே போனேன். எங்கள் வரிசை பாதி விலைக்கு வந்த கதையைச் சொன்னேன்.

“அந்த எடத்த நீயா பிடிச்ச?” என்று கேட்டார்.

“நான்தான். நல்ல எடமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

அவர் என் தலையில் கை வைத்தார். வில்லிங்டன் தீவைப் படகு தாண்டும்வரை எடுக்கவில்லை. இவருக்கு என்ன வந்தது, எவ்வளவு கனமான கை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் யார் என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது. மற்றதை அத்தை சொல்ல நான் மீசை முளைத்தவனாக வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் போய்வந்த ஒருவர், நாடகக் கம்பெனியில் உன் வீட்டுக்காரர் கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி என்று அவருக்கும் தெரியவில்லை. இதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வீட்டில் சொல்லி, அவர் இல்லையென்றால் அந்த அவமானத்தை யார் சுமப்பது? நடு வரிசையில் உட்கார்ந்தால் கயிற்றுக்காரர் தெரிய மாட்டார். எல்லாரும் குறை என்று சொன்ன பாதி நாடகத்துக்கு அவள் மட்டும் முழு விலை கொடுத்திருக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் விலை பேசினேன் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது.

தெரியாமல் செய்தால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? பெரியப்பா கதவுக்குள் போய்ப் பேசினார், வாஸ்தவம். நன்றாகவே பேசியிருப்பார். ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார்? அவர் இஷ்டப்படி விட்டிருந்தால் நடு வரிசையில் உட்கார்ந்து ராஜாவுக்காக அழுதுவிட்டு வந்திருப்பார். அத்தை வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். ராஜாவும் மானமாகச் செத்திருப்பார்.

ஆகவே பேரன்மாருக்குச் சொல்கிறேன். பெரியப்பா பெயரை எடுக்கவேண்டாம். காலமானவர், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ‘ஓரத்து வரிசையைத் தேர்ந்து, விலை பேசி, அத்தையை அதில் உட்கார வைத்தவர்’ என்று என் பெயரைப் போடவேண்டும். போட்டபின் மலரைக் கொண்டுவந்து என்னிடம் காட்டவேண்டும். அதுவரை கிட்டங்கியிலிருந்து ஒரு நாற்காலி வெளியே வராது.